சுந்தரவல்லி டீச்சரின் மீன் ஐஸ் பிரதட்சணம்

சுந்தரவல்லியைக் குணப்படுத்தியவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தால், கூட்டம் போட சிங்கப்பெருமாள் கோயிலில் கல்யாண மண்டபம்தான் பிடிக்க வேண்டும். எண்ணெய் கொடுத்த சித்த வைத்தியர், இடுப்பில் காந்தப் பட்டை கட்டிவிட்ட ரிட்டயர்டு இன்ஜினியர், செங்கல்பட்டு கண்ணாடிக் கடைக்காரர், முருங்கைக் கீரையைச் சிபாரிசு செய்த ஆட்டோக்கார லட்சுமணன், கடைசியாகக் குன்றுக்குள் உட்கார்ந்திருக்கும் நரசிம்மப் பெருமாள். இத்தனை பேரும் குணப்படுத்தினார்கள். வியாதி மட்டும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

நான் தெய்வநாயகி. செங்கல்பட்டில் அவள் கணக்கு டீச்சராக இருந்த அதே பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். பெயரில்தான் தெய்வம் இருக்கிறது. மற்றபடி எனக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை குறைவு. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று பள்ளிக்கூடமே சொல்லும். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், வராமல் என்ன செய்யும்?

முதலில் கண். தொண்ணூற்று ஐந்தில் ஒருநாள் கரும்பலகையில் தானே எழுதிய சமன்பாடு அவளுக்குப் பாதிதான் தெரிந்தது. இடது கண்ணில் புகை மூட்டம். கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அது தயாராகி வருவதற்குள் புகை தானாகக் கலைந்துவிட்டது. வந்த கண்ணாடியைப் போட்டால்தான் மங்கலாகத் தெரிந்தது. ஆனாலும் கடைக்காரர் தன் கண்ணாடியால்தான் பார்வை வந்தது என்று பத்து வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு கால். மூன்று வருஷம் கழித்து ஒருநாள், ஒரு காலில் செருப்போடும் மறு காலில் செருப்பில்லாமலும் பள்ளிக்கு வந்து சேர்ந்தாள். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியவில்லை. கழன்றதே தெரியவில்லை. அந்த வாரமே இரண்டு காலும் மரத்துப்போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எலும்பு டாக்டர் எலும்பு நன்றாக இருக்கிறது என்றார். வேறொருவர் சத்துக் குறைவு என்று ஊசி போட்டார். இன்னொருவர், வேலைக்குப் போகும் பெண்களுக்கு மனதில் வருகிற பாரம் இது, ஒரு மாதம் சமையலறையில் இருந்தால் சரியாகிவிடும் என்றார். அவர் முகவரியை இன்னும் வைத்திருக்கிறேன். என்றைக்காவது போய் இரண்டு வார்த்தை பேச வேண்டும்.

கடைசியில் சென்னையில் ஒரு நரம்பு டாக்டர் பெரிய குழாய் மெஷினுக்குள் அவளைப் படுக்க வைத்துப் படம் எடுத்துப் பார்த்து, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார். ஒயருக்கு மேலே ரப்பர் உறை இருக்கிறதே, அதுபோல நரம்புக்கும் ஒரு உறை உண்டு. உடம்பே அதை எதிரி என்று நினைத்து உரித்துப் போடுகிறது. வரும், போகும். போகும்போது நமக்குக் குணமானதுபோல இருக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் எதையாவது கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும். தாக்குதல்களின் எண்ணிக்கையைக் குறைக்க வெளிநாட்டு ஊசி ஒன்று இருக்கிறதாம். அதை வாங்க விற்பதற்கு ஒரு வீடு வேண்டும், வைப்பதற்குக் கரண்ட் போகாத ஊரில் ஒரு ஃபிரிட்ஜ் வேண்டும். இரண்டும் இல்லாததால் ஸ்டீராய்டு டிரிப் ஏற்றி அனுப்பினார்.

சுந்தரவல்லிக்கு வேண்டியது ஒன்றுதான். கரும்பலகை முன்னால் நிற்க வேண்டும். கணக்கை உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க முடியாது என்பது அவள் கட்சி. உட்கார்ந்து சொன்னால் பிள்ளைகளும் மூளையை உட்கார வைத்துவிடுவார்களாம். ஆகவே எத்தனை தாக்குதல் வருகிறதோ அத்தனை தரம் அவளிடமிருந்து கரும்பலகை ஓரடி தள்ளிப் போகிறது. இதுதான் விஷயம். இதை அந்த வீட்டில் புரியவைப்பதற்குள் எனக்கு நாக்கு வெந்துவிட்டது.

அவளுடைய மாமனார் ஸ்ரீனிவாசராகவன் ஒரு காலத்தில் போஸ்ட் மாஸ்டர். ரிட்டயர் ஆன பிறகு முழு நேரமும் கோயில் கைங்கரியம். ஒவ்வொரு ஸ்வாதி நட்சத்திரத்தன்றும் பெருமாளுக்குப் பானகம் அவர் கையால்தான். வெல்லம், சுக்கு, ஏலக்காய் போட்டுக் கரைத்து, மூடி எடுத்துக்கொண்டு போவார். வழியில் யாராவது எதிர்ப்பட்டுப் பேச்சுக் கொடுத்தால் கண்ணாலேயே விலகச் சொல்வார். பெருமாள் ஒரு வாய் அமுது செய்யாமல் அந்தப் பானகத்தின் வாசனையைக்கூட வேறு யாரும் பிடிக்கக் கூடாது என்று நினைக்கிறவர். நல்ல மனிதர். நல்ல மனிதர்களோடு சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்பதை நான் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

மருமகள் படுத்தவுடன் அவர் வேண்டிக்கொண்டார். எழுந்து நடந்தால், சித்திரை மாதத்து உச்சி வெயிலில், வெறுங்காலோடு குன்றைச் சுற்றி வருவாள் என்று. உச்சி வெயிலைப் பெருமாள் கேட்கவில்லை, இவராகச் சேர்த்தது. சாயங்காலம் யார் வேண்டுமானாலும் சுற்றுகிறார்கள், அதில் பெருமாளுக்கு என்ன மரியாதை என்பது அவர் வாதம்.

டிரிப் வேலை செய்தது. மாசியில் எழுந்து நடந்தாள். எண்ணெய்க்காரர், காந்தப் பட்டைக்காரர், லட்சுமணன் மூவரும் தனித்தனியே வந்து பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டு போனார்கள். சித்திரையில் வேண்டுதலைச் செலுத்தக் கிளம்பினாள்.

இந்த வியாதிக்கு வெயில் ஆகாது. உடம்பு சூடேறினால், உரிந்த ஒயரில் கரண்ட் ஓடாது. பாதிச் சுற்றில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். அதுகூடப் பரவாயில்லை, நிழலில் போட்டால் சரியாகியிருக்கும். பாதத்தில் உணர்ச்சி முழுதாகத் திரும்பாதவள் தார் ரோட்டில் நடந்திருக்கிறாள். உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்தது அவளுக்கே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பாய் ஈரமாக இருக்கிறதே என்று பார்த்தபோதுதான் தெரிந்தது. புண் சீழ் வைத்தது, காய்ச்சல் வந்தது, காய்ச்சலின் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்த தாக்குதலும் வந்தது. இந்த முறை வலது கையும் சேர்ந்துகொண்டது. சாக்பீஸ் பிடித்தால் நழுவியது.

நடந்ததற்காக நடக்கப் போய்ப் படுத்தாள். இதை ஒரு குழந்தையிடம் சொன்னால் என்ன தவறு என்று கண்டுபிடித்துவிடும். ஸ்ரீனிவாசராகவன் வேறொன்றைக் கண்டுபிடித்தார். சுற்று பாதியில் நின்றுவிட்டது, அதனால்தான் பெருமாளுக்குக் கோபம். உடனே வேண்டுதலைப் பெரிதாக்கினார். ஒரு சுற்று மூன்று சுற்றானது. மூன்றுமே உச்சி வெயிலில்.

ஜானகிராமன் என்று அவளுக்கு ஒரு கணவரும் உண்டு. கடலோரத்தில் அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. அணுவைப் பிளந்தாலும் பிளப்பாரே தவிர அப்பா பேச்சைப் பிளக்க மாட்டார். நான் பேசும்போது எனக்குத் தலையாட்டுவார், அப்பா பேசும்போது அப்பாவுக்குத் தலையாட்டுவார்.

மறுபடியும் டிரிப், மறுபடியும் பல மாதம். மறுபடியும் எழுந்தாள், இந்த முறை நடையில் லேசான இழுப்போடு. கை ஓரளவு திரும்பியது. நரம்பு டாக்டர் கும்பிடாத குறையாகச் சொல்லியனுப்பினார், இன்னொரு தடவை காலில் புண், காய்ச்சல் என்று வந்தால் அடுத்து எதை எடுத்துக்கொண்டு போகும் என்று தெரியாது என்று. இரண்டாயிரமாவது வருஷத்துச் சித்திரை வந்தது. கிழவர் பஞ்சாங்கத்தில் நாள் குறித்துவிட்டார்.

நான் சண்டைக்கே போனேன். அவர் என்னை உட்கார வைத்து மோர் கொடுத்தார்.

"பெருமாள்கிட்ட வார்த்தை குடுத்தாச்சு டீச்சர். போஸ்ட்ல போட்ட லெட்டர் மாதிரி. நடுவுல திருப்பி எடுக்கப்படாது," என்றார்.

உள்ளே போய் சுந்தரவல்லியைப் பிடித்துக்கொண்டேன். உனக்குப் புத்தி இல்லையா, முடியாது என்று சொல்ல வாயில்லையா என்று கேட்டேன். அவள் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிற நிதானத்தோடு சொன்னாள்.

"நான் சுத்தலேன்னு வெச்சுக்கோங்கோ. அடுத்த தடவை இது வரும். வரும்னு டாக்டரே சொல்றார். அன்னிக்கு இந்தாத்துல எல்லாரும் என் மூஞ்சியைப் பார்ப்பா. செலுத்தாததுனாலதான்னு சொல்லக்கூட மாட்டா, பார்ப்பா. அதுக்கு என்கிட்ட மருந்து இல்லே டீச்சர்."

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க இன்னும் இரண்டு வசவு வைதேன்.

அப்புறம் டாக்டர் போகிற போக்கில் சொன்ன ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. வெளிநாட்டில் இந்த வியாதிக்காரர்கள் பனிக்கட்டி வைத்த சட்டை போட்டுக்கொண்டு வெளியே போவார்களாம். சட்டை வெளிநாட்டில் கிடக்கட்டும், பனிக்கட்டிக்கு என்ன குறைச்சல்? ஒரு வாரமாக என் வீட்டு ஃபிரிட்ஜில் பிளாஸ்டிக் கவர்களில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்தேன். காய்கறிகளைக்கூட வெளியே தள்ளிவிட்டேன். குறித்த நாளுக்கு முந்தின சாயங்காலம் எங்கள் தெருவுக்கு டிரான்ஸ்ஃபார்மர் போனது. விடியற்காலை திறந்து பார்த்தால் வெறும் தண்ணீர்ப் பை.

செங்கல்பட்டு மார்க்கெட்டில் அந்த நேரத்துக்கு ஐஸ் வைத்திருந்தது ஒரே ஆள், மாமல்லபுரத்துக் குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் மீன் கொண்டுவரும் சந்திரம்மா. நான் அவளுடைய பழைய வாடிக்கை. ஐஸ் மட்டும் போதும், மீன் வேண்டாம் என்றேன். அவள் கூடையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"மீனு வோணாம், ஐஸு வோணும்னு கேக்கறவங்கள இப்பத்தான் பாக்கறேன். இன்னா டீச்சர், வூட்ல சாவு எதுனா உயுந்துகீதா?"

இல்லை, ஒரு அம்மாவைச் சாகாமல் பார்த்துக்கொள்ளத்தான் என்று மொத்தமும் சொன்னேன். ஐயங்கார் வீடு என்றும் சொன்னேன். சந்திரம்மா சிரிக்கவில்லை. வஞ்சிரத்தையும் நெத்திலியையும் ஒரு பக்கம் தள்ளி, பெட்டியில் இருந்த ஐஸை முழுவதும் ஒரு சாக்கில் அள்ளிப்போட்டு, தானும் கூடவே லட்சுமணன் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். ஐஸை எப்படிக் கட்டினால் சீக்கிரம் உருகாது என்று உனக்குத் தெரியாது என்றாள். அது உண்மை.

உச்சி வேளைக்குச் சற்று முன்னால் சுந்தரவல்லியை வரவழைத்து, கோயிலுக்கு அடுத்த சந்தில் தெரிந்தவர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் வைத்துக் கட்டினோம். துண்டில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் கவர், அதை முதுகிலும் வயிற்றிலும் இடுப்பிலும் வைத்து பேண்டேஜ் துணியால் இறுக்கி, எல்லாவற்றுக்கும் மேலே ஒன்பது கஜம் மடிசார். சுந்தரவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நெத்திலி வாசனை மூக்கைத் துளைத்தது. நான் இரண்டு கை துளசியை அள்ளி அங்கங்கே செருகினேன். இப்போது துளசி போட்ட நெத்திலிபோல மணந்தாள். சந்திரம்மா தன் பங்குக்கு, பாதத்தில் தண்ணீர் இறங்கட்டும் என்று இடுப்புப் பக்கத்துக் கவர்களில் மட்டும் சின்னச் சின்ன ஓட்டை போட்டுவிட்டாள். அந்த யோசனைக்கு அவளுக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

கோயில் வாசலில் ஸ்ரீனிவாசராகவன் பஞ்சகச்சத்தோடு தயாராக நின்றிருந்தார். மருமகள் சற்றுப் பருத்துத் தெரிவதைப் பார்த்தார். மூக்கு ஒருதரம் சுருங்கியது. எனக்கு உயிர் போய் வந்தது.

"இன்னிக்குக் காத்து கடல் பக்கத்துலேர்ந்து அடிக்கறாப்ல இருக்கே," என்றார்.

கடல் அங்கிருந்து முப்பது கிலோமீட்டராவது இருக்கும். ஆமாம் மாமா, அதேதான் என்றேன்.

முதல் சுற்றில் ஒரு பூனை சேர்ந்துகொண்டது. இரண்டாவது சுற்றில் அக்ரகாரத்துப் பூனைகள் எல்லாம் வந்துவிட்டன. வாலைத் தூக்கிக்கொண்டு, ஒன்றோடொன்று சண்டைகூடப் போடாமல், அவள் பின்னால் வரிசையாக நடந்தன. நான் சூ சூ என்று விரட்டிப் பார்த்தேன். பூ விற்கிற பெண்மணி என்னைக் கண்டித்தாள். சிங்கப் பெருமாளுடைய சொந்தக்காரர்களாம், பக்தையைப் பார்க்க வந்திருக்கிறார்களாம். அந்தப் பேச்சு ஊருக்குள் ஓடி, வீட்டுக்குள் இருந்த ஜனமெல்லாம் அந்த வேகாத வெயிலில் வெளியே வந்தது.

அதற்குள் ஐஸ் உருகி, அவள் காலடியில் ரோடு நனைந்துகொண்டே வந்தது. தகிக்கிற தாரில் அவள் போன இடமெல்லாம் ஈரத் தடம். ஒரு மாமி குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் எல்லாரும் ஒற்றிக்கொண்டார்கள். ஒருவர் நாக்கில் விட்டுப் பார்த்துவிட்டு, தீர்த்தம் உப்புக் கரிக்கிறது, ஏதோ சமுத்திர சம்பந்தம் இருக்கிறது என்றார். சந்திரம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஆட்டோவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று சுற்றும் முடித்தாள். விழவில்லை. உதடு நீலம் பாரித்து, பல் தந்தியடிக்க, சித்திரை உச்சி வெயிலில் குளிரில் நடுங்கிக்கொண்டு அவள் சன்னதி வாசலில் நின்றதைப் பார்த்து ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. வீட்டுக்கு வந்து உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கொப்பளம் இல்லை. ஐந்து கட்டி சோப்புப் போட்டுக் குளித்தும் ஒரு வாரம் பூனைகள் வாசலைவிட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகு வந்தது வேறு தலைவலி. சுந்தரவல்லிக்கு அருள் வந்துவிட்டது என்று ஆகிவிட்டது. முட்டிவலிக்காரர்களும் கல்யாணம் ஆகாத பெண்களின் அம்மாக்களும் வீட்டுக்கு வந்தார்கள். மருத்துவ லீவு கேட்டால் தலைமையாசிரியை ஞானம்மாள், பெருமாளே குணப்படுத்திய பிறகு உங்களுக்கு எதற்கு லீவு என்று உண்மையிலேயே புரியாமல் கேட்டார். களைப்பாக இருக்கிறது என்று அவள் சொல்லக்கூட முடியாது. சொன்னால் பெருமாளுக்குக் கெட்ட பெயர். நரம்பு டாக்டரிடம் திருட்டுத்தனமாக, புடவை வாங்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு போய் வந்தோம். ஒவ்வொரு தடவையும் ஒரு புடவை வேறு வாங்க வேண்டியிருந்தது.

மூன்று வருஷம் இப்படியே கரும்பலகை முன்னால் நின்றாள். பிறகு, இரண்டாயிரத்து மூன்று ஐப்பசி மழையில், யாரும் எதுவும் வேண்டிக்கொள்ளாமல், யாரும் எந்தத் தப்பும் செய்யாமல், அது தானாக வந்தது. காலையில் எழுந்தாள், இடுப்புக்குக் கீழே தனக்கு ஒன்றும் இல்லாததுபோல இருந்தது என்றாள். கையும் கண்ணும்கூடச் சேர்ந்துகொண்டன.

டிரிப் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று மாலை, கிழவர் அங்கவஸ்திரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார். ஜானகிராமன் முகம் வெளுத்துப் போனது. வாழ்க்கையில் முதல் தடவையாக, "அப்பா, வேண்டாம்பா," என்றார். கிழவர் கேட்காமல் போய்விட்டார். ஆறு சுற்றா, பத்தா, அங்கப்பிரதட்சணமா என்று நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அங்கப்பிரதட்சணம் என்றால் ஐஸை எங்கே கட்டுவது என்றுகூட நான் யோசித்தேன்.

திரும்பி வந்தார். மருமகள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"வேண்டிண்டாச்சு. இவ எழுந்து நடந்தா, சித்திரை வைகாசி ரெண்டு மாசமும் ஏ.சி. போட்ட ரூமுக்குள்ள உக்காருவா. உச்சி வேளைல வாசல்ல கால் வைக்க மாட்டா. இதுதான் வேண்டுதல். யாரும் மாத்தப்படாது."

நாங்கள் வாயைப் பிளந்தோம். இப்படி ஒரு பிரார்த்தனை எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கோயில்காரர்கள் அவரிடமே வந்து கேட்டார்கள். அவர் அசரவில்லை. பெருமாளுக்கு உஷ்ணம் தணியத்தானே இத்தனை வருஷமாகப் பானகம் கரைக்கிறேன், அவருக்கே ஆகாத உஷ்ணம் இந்தப் பெண்ணுக்கு மட்டும் எப்படி ஆகும் என்று திருப்பிக் கேட்டாராம். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அன்னிக்குக் காத்து கடல்லேர்ந்து வரலேன்னு எனக்கு அப்பவே தெரியும் டீச்சர்," என்றார். "மூணு வருஷமா அதையேதான் நெனைச்சிண்டிருக்கேன். அந்த வாடையைச் சுமந்துண்டு அவ என் வார்த்தைக்காகச் சுத்தினா."

நான் அவரோடு போட்ட எல்லாச் சண்டையும் அந்த இடத்தில் ஒன்றுமில்லாமல் போனது. எனக்கு அவர்மேல் மிச்சம் ஒரு கோபம்கூட இல்லை என்பது எனக்கே கஷ்டமாக இருந்தது.

கார்த்திகை போயிற்று, தை போயிற்று, பங்குனியும் போயிற்று. எண்ணெய் வந்தது, காந்தப் பட்டை வந்தது, லட்சுமணன் கீரைக் கட்டோடு வந்தான். கை திரும்பியது, கண் திரும்பியது, கால் திரும்பவில்லை. சக்கர நாற்காலி வந்தது. இந்த முறை அது எடுத்துக்கொண்டதைத் தரவே இல்லை. குணப்படுத்தியவர்கள் சங்கத்தில் ஒவ்வொருவராக உறுப்பினர் பதவியை விட்டார்கள்.

சித்திரை பிறந்த வாரத்தில் இரண்டு ஆட்கள் வந்து அந்த வீட்டுச் சுவரை இடித்து ஏ.சி. பொருத்தினார்கள். அதைப் போட்டவுடன் அடுத்த வீட்டு டியூப் லைட் கண் சிமிட்டியது. ஊர் குழம்பியது. அவள் நடக்கவில்லை, அப்படியென்றால் வேண்டுதல் பலிக்கவில்லை, பலிக்காத வேண்டுதலை எதற்குச் செலுத்துகிறார்? எனக்கும் அதே குழப்பம்தான். அவரையே கேட்டேன்.

"அவர் தரலே. அதுக்காக நாமும் தராம இருக்கறதா?" என்றார்.

அந்தக் குளிர் அறையில் சுந்தரவல்லி டியூஷன் எடுக்க ஆரம்பித்தாள். கரும்பலகையை நாற்காலி உயரத்துக்கு இறக்கி மாட்டினோம். கணக்கைக் கண்டால் ஓடுகிற பிள்ளைகள்கூட அக்னி நட்சத்திரத்தில் ஏ.சி.க்காக முட்டிமோதிக்கொண்டு வந்தார்கள். உட்கார்ந்து சொன்னால் பிள்ளைகளின் மூளையும் உட்கார்ந்துவிடும் என்ற பழைய கட்சியை அவள் அதற்கப்புறம் பேசவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

அந்த மாதம் ஸ்வாதி நட்சத்திரத்தன்று நான் அங்கே இருந்தேன். கிழவர் பானகம் கரைத்து, பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு புறப்பட்டார். வாசல்வரை போனவர் திரும்பி, ஏ.சி. அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். பாத்திரத்தைத் திறந்து ஒரு டம்ளரில் ஊற்றி மருமகள் கையில் கொடுத்தார். அவள் பதறிப்போனாள்.

"அப்பா, பெருமாள் இன்னும் அமுது செய்யலையே."

"அவர் காத்துண்டிருக்கட்டும்," என்றார் ஸ்ரீனிவாசராகவன். "நீ குடி."